கின்னி கேட்ட சொற்பொழிவு

புதுப்பட்டினம் தாண்டவராயன் மேடையில் பேச எழுந்தால் கூட்டமும் எழுந்துகொள்ளும். மரியாதை என்று நினைத்துவிடக் கூடாது. டீ குடிக்கப் போவார்கள், பீடி வாங்கப் போவார்கள், மாட்டைப் பிடித்துக் கட்டிவிட்டு வரப் போவார்கள். அவர் பேச்சு முடியும் நேரத்தைச் சரியாகக் கணக்குப் போட்டுத் திரும்பி வந்து, அதே இடத்தில் துண்டை விரித்து உட்காருவார்கள்.

அவர் தலைவர் வரும்வரை பேசுகிறவர். அந்தக் காலத்தில் செங்கல்பட்டு மாவட்டத்தில் சொன்ன நேரத்துக்கு வந்து சேர்கிறவரை யாரும் தலைவர் என்று மதிப்பதில்லை. ஆகவே கூட்டம் கலைந்துபோகாமல் பார்த்துக்கொள்ள உள்ளூரில் ஒரு தொண்டை தேவைப்பட்டது. தாண்டவராயன் தொண்டை அதற்கென்றே செய்தது. மைக் இல்லாமலே மீன் சந்தை வரைக்கும் கேட்கும். வேடந்தாங்கல் பக்கம் ஒரு கூட்டத்தில் அவர் "வணக்கம்" என்று ஆரம்பித்ததும் ஏரியில் இருந்த பறவையெல்லாம் மேலே கிளம்பிவிட்டதாகச் சொல்வார்கள். சொன்னவர் அவரேதான் என்பதால் எவ்வளவு நம்புவது என்று தெரியவில்லை.

பேச்சு ஒரே பேச்சுதான். கடலைப் போல் திரண்டிருக்கும் கண்மணிகளில் புறப்பட்டு, அரிசி விலையைத் தொட்டு, மண்ணெண்ணெய் வரிசையில் கொஞ்சம் நின்று, "ஆகவே பெரியோர்களே, தாய்மார்களே, நாங்கள் ஆட்சிக்கு வந்தால்" என்ற இடத்துக்கு வந்து சேரும். அங்கே வந்ததும் சாலையில் கார் வெளிச்சம் தெரியும். கிளைச் செயலாளர் எல்லப்பன் பின்னாலிருந்து மேல்துண்டைப் பிடித்து இழுப்பார். தாண்டவராயன் அப்படியே உட்கார்ந்துவிடுவார். இவர்கள் ஆட்சிக்கு வந்தால் என்ன ஆகும் என்பது ஊரில் ஒருவருக்கும் தெரியாமலே பல வருஷம் ஓடிவிட்டது. கட்சியின் பெயரைச் சொல்லவில்லை. இதைப் படிக்கிறவர்கள் அவரவருக்குப் பிடிக்காத கட்சியை வைத்துக்கொள்ளலாம்.

சுவரொட்டியில் அவர் பெயர் வந்ததே இல்லை. பெரிய எழுத்தில் தலைவர், அடுத்த எழுத்தில் வட்டச் செயலாளர், கடைசியில் "மற்றும் பலர்". தாண்டவராயன் அந்த வரியில் விரலை வைத்து, "இந்தப் பலர்ல மொத ஆளே நான்தான்" என்பார். அவருக்கு இருந்த ஆசை பதவி அல்ல, பணம் அல்ல. தன் பேச்சைக் கேட்டு ஒரே ஒரு ஜீவன் எழுந்து போகாமல் இருக்க வேண்டும். பேச்சை முடித்து, எல்லாரும் சொல்வதுபோல் "நன்றி, வணக்கம்" என்று சொல்லிவிட்டு உட்கார வேண்டும். இவ்வளவுதான் ஆசை.

வீட்டிலும் அது நடக்கவில்லை. அவர் மனைவி சொர்ணம் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் கட்டட வேலை செய்கிறவர்களுக்கு வீட்டிலேயே இட்லிக் கடை வைத்திருந்தாள். அடுப்பு, ஆட்டுக்கல், சட்னி என்று அவள் பாடு அவளுக்கு. அவர் ஆரம்பித்தால் கல்லைச் சுற்றும் வேகத்தைக் கூட்டிவிடுவாள்.

இந்த நிலையில்தான் நெருக்கடி நிலை வந்தது. எழுபத்தாறு தொடக்கத்தில் எங்கள் பக்கத்துக் கூட்டங்களும் நின்றுபோயின. மைக் செட்டுக்காரர் கல்யாண வீடுகளை நம்பிப் பிழைத்தார். தாண்டவராயனுக்கு அந்த வழியும் இல்லை. பேச்சு வயிற்றில் தங்கிவிட்ட மனிதராக ஊருக்குள் சுற்றிக்கொண்டிருந்தார். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் அவரைக் கண்டால் அடுத்த ஸ்டாப்புக்கு நடந்துபோனார்கள்.

கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் கல்யாணி என்று ஒரு இன்ஜினியர் மனைவி இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சொர்ணம் கடை இட்லிதான் அவர்கள் வீட்டில். அவள் கணவருக்கு பம்பாய்க்கு மாற்றலாகிவிட்டது என்று கேள்விப்பட்டதும் தாண்டவராயன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே, பிரிவு உபசாரம் சொல்லக் கிளம்பிவிட்டார். மூட்டை முடிச்சுகளுக்கு நடுவில் நின்று, "பிரிவு என்னும் சொல்லே பிறக்காமல் இருந்திருக்கக் கூடாதா" என்று எடுத்தார். லாரி வாசலில் நின்றது. கல்யாணி இரண்டு தடவை தண்ணீர் கொடுத்துப் பார்த்தாள். குடித்துவிட்டு மேலே பேசினார். கடைசியில் அவள் உள்ளே போய் ஒரு அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து அவருடைய இரண்டு கையிலும் வைத்துவிட்டாள். விரலை உயர்த்த முடியாமல் போனதும் பேச்சு நின்றது.

"இது கினி பிக். குழந்தைக்காக வாங்கினோம். ரயில்ல கொண்டுபோக முடியாது, நீங்க வச்சுக்குங்க" என்றாள் கல்யாணி. "ரொம்பக் கூச்ச சுபாவம். வந்து கொஞ்ச நாள்தான் ஆச்சு, இன்னும் யார்கிட்டயும் வரல. சத்தம் மட்டும் ஆகவே ஆகாது."

"நம்ம வூட்ல சத்தம்ன்றதே கெடையாதும்மா" என்று தாண்டவராயன் சொன்னது எதிர் வீட்டு மாடியில் கேட்டது.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தார். ஓரத்தில் பழுப்பும் வெள்ளையுமாக ஒரு உருண்டை. எலி என்றால் வால் இல்லை, முயல் என்றால் காது போதவில்லை. இரண்டு கண்களும் பயத்தில் அசையாமல் நின்றன.

"இன்னாயா இது?" என்றாள் சொர்ணம்.

"கினிப் பன்னி."

எங்கள் பக்கம் எந்தச் சொல்லுக்கும் ஒரு வால் ஒட்டித்தான் பேசுவோம். புலி கிலி, பேய் கீய், பன்னி கின்னி. வாலுக்குத் தனியாக ஒரு அர்த்தமும் கிடையாது. சொர்ணத்துக்கு அவர் சொன்னது தலைகீழாகக் கேட்டது.

"பன்னி கின்னி எல்லாம் வூட்டுக்குள்ள வரக் கூடாது. நாலு பேரு நாஸ்தா துன்ற எடம் இது."

தாண்டவராயன் யோசித்தார். மேடையில் பல வருஷம் நின்றவருக்கு வார்த்தையை மாற்றிப்போடத் தெரியாதா? "பன்னி இல்ல சொர்ணம். கின்னி மட்டும்தான்" என்றார்.

சொர்ணம் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். பன்றிக்குரிய எதுவும் அதில் இல்லை என்பதை அவளும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. கின்னி என்றே பெயர் நின்றுவிட்டது. பன்றி இருந்தால் அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் வால். "மற்றும் பலர்" வீட்டுக்கு அதைவிடப் பொருத்தமான பிராணி கிடைத்திருக்காது.

ஊருக்குள் வேறு கதை கிளம்பியது. குவார்ட்டர்ஸிலிருந்து வந்ததென்றால் அது அணு எலியாகத்தான் இருக்க வேண்டும், இருட்டினால் வெளிச்சம் கொடுக்கும் என்று டீக்கடையில் முடிவானது. பக்கத்து வீட்டில் மீன் விற்கும் முனியம்மா மட்டும் விளக்கு வைக்கும் நேரத்தில் கூடையை இறக்கிவிட்டு வந்து பார்த்தாள். "ஒண்ணியும் எரியலியே. மின்சார ஆபீஸ்காரன் மாரி தான் கீது இதுவும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தாண்டவராயனுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. வீட்டுக்குள்ளேயே ஒரு கூட்டம் கிடைத்துவிட்டது. அதுவும் டீ குடிக்க எழுந்து போக முடியாத கூட்டம். ஆப்பிள் பெட்டி ஒன்றில் வைக்கோல் பரப்பி, கின்னியை விட்டு, எதிரில் நின்று மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"அஞ்சாதே. அடங்காதே. ஆர்ப்பரித்து எழு" என்றார்.

கின்னி வைக்கோலுக்குள் போய்விட்டது. மூன்று நாள் பூராவும் யாராவது அந்தப் பக்கம் இருக்கும்வரை வெளியே வரவில்லை. ஆள் நகர்ந்த பிறகு தின்றிருக்கிறது என்பதைப் புழுக்கை பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. சொர்ணம் வாய் உடைந்த பானை ஒன்றைப் பெட்டிக்குள் கவிழ்த்து வைத்தாள். கின்னி அதற்குள் குடிபுகுந்தது. தாண்டவராயன் தொண்டையைச் செருமினால் போதும், பானை வாயில் தெரிந்த மூக்கும் உள்ளே போய்விடும்.

அவருக்கு அது உறைத்தது. மைதானத்தில் ஆயிரம் பேர் எழுந்து போனதெல்லாம் அவரைத் தொட்டதில்லை. அவர்களுக்கு வேலை இருந்தது, தாகம் இருந்தது, சமாதானம் சொல்லிக்கொள்ள வழி இருந்தது. இதற்கு என்ன வேலை? இதுவும் தன் குரலைக் கேட்டுத்தான் ஓடுகிறது என்று தெரிந்தபோது மனிதருக்கு உண்மையாகவே துக்கமாகிவிட்டது. இரண்டு வேளை சரியாகச் சாப்பிடவில்லை.

பிறகு ஒரு நாள் காலை, அவர் வழக்கம்போல் கண்மணிகளில் ஆரம்பித்து மண்ணெண்ணெய் வரிசைக்கு வந்தபோது, பானைக்குள்ளிருந்து "வீக், வீக்" என்று ஒரு சத்தம் வந்தது. அசல் விசில். மறுநாளும் அதே இடத்தில் அதே விசில். தாண்டவராயன் டீக்கடைக்கு நடக்கவில்லை, ஓடினார்.

"என் பேச்சுக்கு விசில் அடிக்குது" என்றார்.

எல்லப்பன் நேரில் பார்க்க வந்தார். தாண்டவராயன் கண்மணிகளைக் கடந்து, அரிசி விலையைக் கடந்து, மண்ணெண்ணெய் வரிசையில் வந்து நின்றார். விசில் இல்லை. இன்னொரு தடவை நின்றார். இல்லை. அந்த நேரத்தில் கடைத்தெருவுக்குப் போயிருந்த சொர்ணம் கொல்லைப் பக்கமாக உள்ளே வந்து, காகிதத்தைப் பிரித்துக் கொத்தமல்லிக் கட்டை உதறினாள். வீடே அதிரும்படி விசில் பறந்தது.

"அண்ணாத்த, உம் பேச்சுக்கு இல்ல. சட்னிக்கு" என்றார் எல்லப்பன். எழுந்து போகும்போது ஊர் முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

அன்று சாயங்காலம் தாண்டவராயன் பெட்டி எதிரில் உட்கார்ந்து ஒன்றும் செய்யாமல் இருந்தார். சொர்ணம் பக்கத்தில் வந்து ஒரு கொத்தமல்லித் தண்டைக் கையில் கொடுத்தாள்.

"அது கிட்ட இன்னாத்துக்கு அம்மாந் தூரம் பேசற? பக்கத்துல தானே கீது. வாய மூடிகினு குந்து. தானா வரும்."

சர்க்கார் உத்தரவு போட்டும் மூடாத வாய். மூடிக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. உதடு தானாக அசையும். விரல் தானாக மேலே போகும். முதல் நாள் கின்னி வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அதன் பிறகு பானை வாயில் மூக்கு வந்தது, மீசை வந்தது. அந்த இடத்தில் அவருக்குத் தும்மல் வந்து எல்லாம் பழையபடி ஆனது. மறுபடி முதலிலிருந்து உட்கார்ந்தார். கடையில் நாஸ்தா தின்றவர்கள் அவர் மௌனம் தாங்காமல், உடம்புக்கு முடியவில்லையா என்று சொர்ணத்திடம் விசாரித்தார்கள்.

ஒரு நாள் கின்னி பானையை விட்டு முழுதாக வெளியே வந்தது. பாதி தூரம் வந்து நின்று நடுங்கியது. தாண்டவராயனுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. ஆனால் வந்த குரல் அவருடைய மேடைக் குரல் இல்லை. அவருக்கே இப்படி ஒரு குரல் இருப்பது தெரியாது.

"ஒண்ணும் பண்ண மாட்டேன். பயப்படாத. வா."

கின்னி காதை அசைத்தது. ஓடவில்லை.

"ஒண்ணும் பண்ண மாட்டேன்டா. வா, துன்னு."

அது கையருகே வந்து தண்டின் நுனியைக் கடித்தது. கடித்து இழுத்துக்கொண்டு ஓடாமல், அங்கேயே, அவர் உள்ளங்கை மேல் மோவாயை வைத்துக்கொண்டு கடைசி இலை வரை தின்றது. தாண்டவராயனுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. துடைத்தால் கை அசையும் என்று துடைக்காமல் இருந்தார்.

அதற்குப் பிறகு அவர் தினமும் அதனோடு பேசினார். எல்லாம் அந்தக் குரலில்தான். கடலில் காற்று எப்படி, மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரன் ஒருத்தன் இட்லியை முள்கரண்டியில் குத்தித் தின்றது, முனியம்மா யாரோடு சண்டை. கின்னி அவர் மடியில் கிடந்து கேட்டது. பாதியில் எழுந்து போகவில்லை. ஆட்டுக்கல் சுற்றும் வேகம் குறைந்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. சொர்ணமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

எழுபத்தேழு பிறந்ததும் தேர்தல் என்று அறிவித்தார்கள். எல்லப்பன் சைக்கிளை ஸ்டாண்ட் கூடப் போடாமல் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார்.

"அண்ணாத்த, சதுரங்கப்பட்டினத்துல கூட்டம். வேட்பாளர் வர்றாரு. இந்தத் தபா போஸ்டர்ல உம் பேரு வருது."

வந்தது. வட்டச் செயலாளருக்குக் கீழே, "மற்றும் பல"ருக்கு மேலே, "சொற்புயல் தாண்டவராயன்". அதில் ஒன்றை வாங்கிவந்து கின்னியின் பெட்டிக்கு மேலே சுவரில் ஒட்டினார். ஒட்டிவிட்டு, இத்தனை மாதம் வயிற்றில் கிடந்த பேச்சையெல்லாம் எடுத்து, "கடலெனத் திரண்டிருக்கும்" என்று முழக்கினார்.

பெட்டியில் பானைக்கு வெளியே இருந்த கின்னி துள்ளி விழுந்து பானைக்குள் போனது. அவர் அதைப் பார்த்தும் நிறுத்தவில்லை. போஸ்டர் கண்ணை மறைத்தது. நாள் முழுக்கப் பயிற்சி, அடுத்த நாளும் பயிற்சி. கூட்டத்தன்று காலை சொர்ணம் பெட்டியைக் காட்டினாள். போட்ட தழை போட்டபடி வாடிக் கிடந்தது. வைக்கோலில் புழுக்கை இல்லை.

"பழையபடி பூந்துகிச்சி. நேத்துலேர்ந்து ஒண்ணியும் துன்னல. இது செத்துகித்து போச்சின்னா உம் போஸ்டர நான்தான் கிழிப்பேன்."

தாண்டவராயன் தரையில் படுத்துப் பானை வாயருகே முகத்தை வைத்தார். ஒண்ணும் பண்ண மாட்டேன், வா, வா என்று கெஞ்சினார். கத்திக் கத்திக் கம்மிப்போன தொண்டை. அதில் வந்தது அந்தக் குரல் இல்லை. உள்ளே இரண்டு கண்கள் முதல் நாள் போலவே பயந்து நின்றன. பிற்பகலில் எல்லப்பன் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.

சதுரங்கப்பட்டினம் மைதானத்தில் பொழுது சாய்கிற நேரம். நல்ல கூட்டம். முனியம்மாகூட கூடையைக் கவிழ்த்துப்போட்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள். வேட்பாளர் செங்கல்பட்டிலிருந்து கிளம்பிவிட்டதாகச் சொன்னார்கள். அப்படிச் சொன்னால் இன்னும் குளிக்கவில்லை என்று அர்த்தம். தாண்டவராயன் எழுந்தார். கூட்டத்தில் பாதியும் எழுந்தது.

கண்மணிகள் வந்தார்கள். அரிசி வந்தது. மண்ணெண்ணெய் வந்தது. வாய் பேசிக்கொண்டிருந்தது, மனசு பானை வாயில் கிடந்தது. "ஆகவே பெரியோர்களே, தாய்மார்களே, நாங்கள் ஆட்சிக்கு வந்தால்" என்று சொல்லிச் சாலையைப் பார்த்தார்.

கார் வரவில்லை.

மறுபடியும், "நாங்கள் ஆட்சிக்கு வந்தால்" என்றார். திரும்பி எல்லப்பனைப் பார்த்தார். எல்லப்பன் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். துண்டை யாரும் இழுக்கவில்லை. அந்த வாக்கியத்துக்கு மேலே என்ன என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே வந்ததில்லை. எதிரே அத்தனை கண்கள். ஒன்றரை வருஷமாக யார் வீட்டுக் கதவை யார் தட்டுவார்களோ என்று இருந்த ஜனங்கள். எழுந்து போனவர்கள்கூடத் தயங்கி நின்று திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை அவருக்குத் தெரியும். இத்தனை நாளாக உடைந்த பானைக்குள் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தானே.

"ஒண்ணும் பண்ண மாட்டோம்" என்றார் தாண்டவராயன். மேடைத் தமிழ் இல்லை, முழக்கமும் இல்லை. பெட்டி எதிரில் உட்கார்ந்து பேசுகிற அந்தக் குரல், எங்கிருந்தோ திரும்பி வந்திருந்தது. "பயப்படாதீங்க. ஒங்கள ஒண்ணும் பண்ண மாட்டோம். வாங்க, சும்மா வாங்க."

முதலில் சிரித்தவள் முனியம்மா.

"இத்தினி எலீக்சனு பாத்துட்டேன். வந்தா ஒண்ணியும் பண்ண மாட்டோம்னு உள்ளத சொன்னவரு இவரு ஒர்த்தர்தான்" என்றாள்.

அதற்கப்புறம் விசில். கைத்தட்டல். துண்டுகள் மேலே பறந்தன. டீக்கடைக்குப் போனவர்கள் கிளாஸோடு ஓடி வந்தார்கள். சிரித்தவர்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் பார்த்தேன். ஒருவரும் எழுந்து போகவில்லை. தாண்டவராயன் கை கூப்பி, "நன்றி" என்று ஆரம்பித்தபோது எல்லப்பன் பாய்ந்து வந்து மைக்கைப் பிடுங்கிவிட்டார். அந்த நேரம் பார்த்துக் கார் வெளிச்சமும் வந்தது. வேட்பாளர், கைத்தட்டல் தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு இறங்கினார். அவருக்கு விஷயம் தெரிந்தது வீட்டுக்குத் திரும்பும் வழியில்.

மறுநாள் காலை எல்லப்பன் சிவந்த முகத்தோடு வந்தார். வாசலில் செருப்பை உதறும்போதே ஆரம்பித்தார்.

"யோவ் அண்ணாத்த, கட்சிய இன்னான்னு நெனச்சிகினு கீற..."

தாண்டவராயன் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். விரலை உதட்டில் வைத்தார். உள்ளங்கையில் ஒரு கொத்தமல்லித் தண்டு. பானையிலிருந்து பாதி தூரம் வந்து கின்னி நின்றிருந்தது.

"மெதுவா, எல்லப்பா. பயப்படப் போவுது. குந்து."

எல்லப்பனுக்கு வேறு வழி தெரியவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தாண்டவராயன் காதோரம் குனிந்து, அவரைக் கட்சியிலிருந்து நீக்கியாகிவிட்டது என்றும், இனிமேல் எந்த மேடையிலும் ஏறக் கூடாது என்றும், அவர் பெயருள்ள போஸ்டரையெல்லாம் கிழிக்கச் சொல்லி உத்தரவு என்றும் ஒவ்வொன்றாகக் கிசுகிசுத்தார். தாண்டவராயன் தலையசைத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கண் கின்னி மேல் இருந்தது. அது ஒவ்வொரு காலாக எடுத்துவைத்து வந்து, மோவாயை அவர் கையில் வைத்து, தின்ன ஆரம்பித்தது. எல்லப்பனும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"நல்லா துன்னுது இல்ல" என்றார் எல்லப்பன், அதே கிசுகிசுப்பில்.

தண்டு தீர்ந்ததும் கின்னி தலையைத் தூக்கி ஒரு விசில் அடித்தது. அடுப்படியில் சொர்ணம் இன்னொரு கொத்தமல்லிக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள், அந்தக் காகிதச் சத்தம் அங்கே இருந்த எல்லாருக்கும் கேட்டது.

தாண்டவராயன் மற்றொரு கையை மார்பில் வைத்து, கின்னிக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்: "நன்றி, வணக்கம்."